ஒடிலோன் நடந்த கடல்கள்

எங்கள் ஊர் ஜக்மெலின் கால்பந்து அணியில் ஒடிலோன் தடுப்பாட்டக்காரன், நான் கோல்கீப்பர். எட்டு வருஷம் அவன் முதுகைப் பார்த்தே ஆடினேன். பந்தைத் தேடி அவன் ஓடுவதில்லை. தூக்கத்தில் நடப்பவன் போல, அது வரப்போகும் இடத்தில் முன்பே போய் நிற்பான்.

தலைநகரில் இறுதி ஆட்டம். கடைசி நிமிஷத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பந்து மிதந்து வந்தது. "எனக்கு, விடு!" என்று நான் கத்தியிருக்க வேண்டும். குரல் வரவில்லை. ஒடிலோன் தலையால் முட்டினான். பந்து என்னைத் தாண்டி எங்கள் வலைக்குள்ளேயே விழுந்தது.

ஊர் திரும்பியதும், சந்தையில் வாழைக்காய் பொரித்து விற்கும் மதாம் கிளெர்சினா அவனை நிறுத்தினாள். "ஏம்பா, உங்கம்மா உன்ன எங்களுக்குப் பெத்தாளா, அவங்களுக்குப் பெத்தாளா?"

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்று மாதத்தில் அவன் வெளிநாட்டு அணிகளில் ஆடப் போய்விட்டான். சாந்தோ தொமிங்கோ, சைப்ரஸ், வியட்நாம், பின்லாந்து. எப்போதாவது போன் வரும்.

"இங்க கடல் உறைஞ்சு கெடக்கு, டுவால். அதுமேல நடந்துட்டு வந்தேன். அடியில மீன் ஓடுறது உள்ளங்காலுக்குத் தெரியுற மாதிரி இருந்துச்சு."

வியட்நாமில், ஹைபோங் என்ற ஊரில் மழையில் ஆடும்போது பந்து தண்ணீரில் மிதந்து நின்றுவிடுமாம். இரண்டு அணியும் சுற்றி நின்று சிரிக்குமாம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைப்பேன்.

பதினான்கு வருஷம் கழித்து, முழங்கால் தேய்ந்து, திரும்பி வந்தான். ஞாயிறு காலை எங்கள் வீட்டில் பூசணி சூப். என் மனைவி மிர்லாந்து ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் குரல் குடுக்கல, ஒடிலோன்."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"பந்து தலையில பட்டப்பவே."

"அப்புறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னைத் துரத்தியிருப்பாங்க. உனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆயிருந்துச்சு. நான் தனியாள், கெளம்பிட்டேன்." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினான். "சாப்பிடு, ஆறுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிர்லாந்து அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சந்தைக்குப் போய், நின்றவர்களிடமெல்லாம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். பாதிப் பேருக்கு அந்த ஆட்டமே நினைவில்லை. மதாம் கிளெர்சினா மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு பொட்டலம் சூடாகக் கட்டி அவனுக்குக் கொடுத்தனுப்பினாள்.

இப்போது அவன் மிர்லாந்தின் தங்கையைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இருக்கிறான். மத்தியான வேளையில் அலையில் மல்லாந்து கிடப்பான். கூப்பிட்டால் காதில் விழாது.