மைக்கக்காவின் முன்பல்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவளை எல்லோரும் மைக்கக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் அதட்டலுக்குப் பயந்து ஓட்டுநர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம்தான், வம்பை விலை கொடுத்து வாங்குகிற ரகம். அந்த வாயில்தான், மேல் வரிசை முன்பல்லில், ஓட்டை விழுந்தது. பல் போனால் பேச்சில் காற்றுப் போகும். பேச்சு போனால் வேலை போகும். மேலாளர் ஏற்கெனவே பதிவு செய்த குரலைப் போடலாமா என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் பால் பல்லைக் காட்ட அரசுப் பல் மருத்துவமனைக்குப் போன அன்றே தன் வாயையும் திறந்து காட்டினாள்.

"இப்பவே அடைச்சா நிக்கும்," என்றார் டாக்டர். "ஆனா இங்க இலவசமா அடைக்கிறது பதினெட்டு வயசு வரைக்கும்தான். அறுபதுக்கு மேல பல் செட். நடுவுல இருக்கறவங்களுக்குப் பிடுங்கறது மட்டும்தாம்மா. வெளியில பாத்துக்கங்க."

"வெளியில பாக்குற வசதி இருந்தா உங்க மூஞ்சியில ஏன் சார் முழிக்கிறேன்?"

நர்ஸ் கண்ணாடித் தட்டில் மருந்தைக் குழைத்து வந்தாள். மகளின் பல்லுக்கு அரிசியளவு போதும், குழைத்ததோ புளியங்கொட்டையளவு. இறுகத் தொடங்கிய மிச்சத்தைப் பஞ்சால் வழித்துத் தொட்டியில் போட்டாள்.

மைக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த மிச்சத்தை எனக்கு வெச்சு விட்டா என்ன குடியா முழுகிடும்?"

"அது குழந்தைங்க கணக்குல எடுத்தது அக்கா. மேல கேப்பாங்க."

"அப்ப அந்தக் குப்பைத்தொட்டிக்கு என்ன வயசு?"

நர்ஸ் தொட்டியைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

வீட்டில் மாமியாருக்கு அதே மருத்துவமனை கொடுத்த பல் செட் டம்ளர் தண்ணீரில் கிடந்தது. "குத்துதுடி எனக்கு. வேணும்னா நீ போட்டுக்க," என்றாள் கிழவி. நல்ல மனசோடுதான் சொன்னாள். அதனால்தான் இன்னும் எரிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் வலி மண்டைக்கு ஏறிவிட்டது. மகளின் அடைத்த பால் பல் அதற்குள் தானாக விழுந்து, அவள் அதை எங்கோ தொலைத்தும் விட்டிருந்தாள். மைக்கக்காவின் பல்லைத் தட்டிப் பார்த்த டாக்டர், இனி அடைக்கவும் முடியாது என்றார். பிடுங்கினார். காசு ஏதும் கேட்கவில்லை, பெரிய தர்மம்தான்.

வெளியே வந்தவளைப் பார்த்து, சீட்டு கொடுக்கிறவர் ஆறுதலாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. அறுபது ஆனதும் வாங்க, புதுசா வெச்சுத் தருவாங்க."

அவள் கையிலிருந்த பல்லை அவர் மேசைமேல் வைத்தாள். வாயில் அழுத்தியிருந்த பஞ்சை எடுத்தாள்.

"அதுவரைக்கும் இதை நீங்களே பத்திரமா வெச்சிருங்க சார்!"

வண்டிகளை விரட்டுகிற அதே குரல். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கடைசிச் சொல்லில் காற்று விசிலடித்து வெளியேறியதை அவள் கேட்டுவிட்டாள். நாளைக் காலையில் மேலாளரும் கேட்பார்.