அமெரிக்காவுக்குப் போன பிள்ளை, சார்செலில் நின்ற கோச்

கூடைப்பந்து பழக்குகிறவனுக்கு ஒரு கண் தன் பிள்ளைகளிலும் மற்றக் கண் பக்கத்துக் கழகத்திலும் இருக்கும். வலிப்பது எப்போதும் அந்த மற்றக் கண்தான். பாட்டு வகுப்பு நடத்துகிறவர்கள், ரியூசன் கொடுக்கிறவர்கள், ஊரார் பிள்ளையைத் தயார்செய்து யாரோ ஒருவரிடம் அனுப்பிவைக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது விளங்கும். பகலில் நான் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். பின்னேரம் ரயிலேறி, புறநகரான சார்செலுக்குப் போய், நகரசபை மண்டபத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். முதல் வேலை சோறு போடுகிறது. இரண்டாவது வேலை வயிற்றை எரிய வைக்கிறது.

உயரமும் ஓட்டமும்

பக்கத்து வில்லியே லே பெல்லில் பெண்கள் அணியைப் பழக்குகிறவர் சேவியர். பாண்டிச்சேரிக்காரர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், அரசாங்க உத்தியோகம். அவருக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் என் சட்டை கசங்கியிருப்பது போல எனக்குத் தோன்றும். ஒருநாள் கடைக்கு வந்து, போன் கண்ணாடி வெடித்துவிட்டது என்று நீட்டினார். தட்டியதும் திரையில் ஒரு படம் வந்தது. அவரிடம் பழகிய லெத்திசியா, ஓர் அமெரிக்கக் கொலிஜின் தொப்பியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைக்கிறாள். விளையாடுகிற பிள்ளைக்குப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொலிஜ் பொறுப்பு. பாரிஸைச் சுற்றியுள்ள கோச்மார் எல்லாரும் காண்கிற கனவு அதுதான்.

வெடித்த கண்ணாடிக்குள்ளாலும் அந்தப் பிள்ளையின் சிரிப்பு நன்றாகத் தெரிந்தது. புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். இன்னும் நன்றாகத் தெரிந்தது. "சந்தோஷம்" என்றேன். சேவியர் போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "நமக்கு ஒசரமான புள்ளைங்களா அமையுது, நேசன். உங்களுக்குப் பாவம், நல்லா ஓடற புள்ளைங்க மட்டுந்தான் வருது."

எல்லாம் பஸ் தூரம்

அந்த ஓடுகிற பிள்ளைகளில் ஒருத்திதான் தர்ஷினி. தகப்பன் ஓர் உணவகத்தில் சமையல், தாய் சாந்தி பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலை. எங்களுக்கும் சேவியரின் அணிக்கும் நடந்த மட்ச் ஒன்றைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஒரு கொலிஜின் உதவிக் கோச். ஆள் பிடிக்கிறதுதான் அவருடைய வேலை. வந்தது சேவியரின் உயரமான பிள்ளைகளை, அந்த நெடுவல்களைப் பார்க்க. ஆனால் அன்று தர்ஷினி அந்த நெடுவல்களின் கையிலிருந்து பந்தைப் பறித்தபடியே இருந்தாள். மட்ச் முடிந்ததும் சேவியர் கை குலுக்கத் தயாராக நின்றார். அந்தப் பெண் அவருக்கு ஒரு தலையசைப்புப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். அந்த நடையை இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்தால் நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

பிறகு சார்செலில் தர்ஷினியின் வீட்டில் கூடினோம். அந்தப் பெண் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொல்ல, தர்ஷினி பிரெஞ்சில் பதில் சொன்னாள். அமெரிக்காவில் கொலிஜுகள் பல சேர்ந்து ஒரு கூட்டாகி, தங்களுக்குள் போட்டி வைக்குமாம். இவர்களுடைய கூட்டில் எல்லாக் கொலிஜும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். லெத்திசியாவின் கொலிஜும் அதில் ஒன்று. சாந்தி றோல்ஸ் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "படிப்பும் சும்மா, சாப்பாடும் சும்மா எண்டால், என்ரை பிள்ளை பந்து எறியிறதிலை இவைக்கு என்ன லாபம் எண்டு ஒருக்காக் கேளுங்கோ அண்ணை."

எறியத் தெரிந்தவன்

செய்தி லா ஷப்பலுக்கு வர நேரம் எடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் சிம் அட்டையை மறந்துவிட்டுத் தர்ஷினியைப் பற்றிக் கேட்டார்கள். சிலருக்கு உண்மையான சந்தோஷம். சிலர் 'டொக்டருக்குப் படிக்கிறாவோ' என்று கேட்டு, இல்லை என்றதும் கொஞ்சம் நிம்மதியானார்கள். அந்த நிம்மதியை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். என் முகத்தில் அடிக்கடி வந்துபோகிற சாமான் அல்லவா. ஒரு தகப்பன் மட்டும் ஒளிக்காமல் கேட்டார்: "பந்து எறிஞ்சு படிக்கலாமெண்டால் என்ரை மகனையும் ஒருக்காப் பாருங்கோ அண்ணை, அவன் வீட்டிலை எல்லாத்தையும் எறியிறவன்."

முழங்கை

அதற்குப் பிறகுதான் எனக்குப் புது வியாதி பிடித்தது. அந்த அமெரிக்க உதவிக் கோச் கிழமைக்கொரு தரம் தர்ஷினியோடு வீடியோவில் பேசுவார். அடுத்த நாள் பயிற்சியில் எல்லாம் 'அவ சொன்னவ' தான். தண்ணீர் எப்போது குடிப்பது, எப்படி நித்திரை கொள்வது, காலை எவ்வளவு அகட்டி நிற்பது, எல்லாம் அவ சொன்னவ. சின்னப் பிள்ளையாக மண்டபத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குப் பழக்கியவன் நான். என் பெண்சாதி வேறு யாரையாவது புகழ்ந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

ஒருநாள் அவள் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்குள் சுத்தமாக விழுந்தன. கேட்டேன். எறியும்போது முழங்கையை வெளியே விடாமல் உள்ளுக்கு வைக்கச் சொன்னாவாம். அதை நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். முழங்கையைப் பிடித்து வைத்தும் காட்டியிருக்கிறேன். "அதைத்தானே பிள்ளை நானும் சொன்னனான்" என்றேன். தர்ஷினி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "ஓம் கோச், நீங்கள் சொன்னனீங்கள்தான். ஆனா அவ சொல்லேக்கை விளங்கிச்சு."

கூட்டு மாறியபோது

ஒரு காலை போனைத் திறந்தால், தர்ஷினியைக் கேட்ட கொலிஜ் பழைய கூட்டை விட்டுவிட்டு நாட்டிலேயே பெரிய கூட்டு ஒன்றில் சேரப்போகிறது என்று செய்தி. காரணம் கூடைப்பந்து அல்ல. அங்கே தோளில் கவசம் கட்டிக்கொண்டு விளையாடுகிற அவர்களுடைய ஃபுட்போலுக்குத் தொலைக்காட்சிக்காரர் கொட்டுகிற காசு. இனிப் பஸ் இல்லை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு விமானம். நான் முதலில் செய்த காரியம், சேவியருக்கு அந்தச் செய்தியை அனுப்பியதுதான். லெத்திசியாவின் கொலிஜ் சின்னக் கூட்டிலேயே நின்றுவிட்டது. அன்று பகல் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அந்த ருசி கனநாள் நிற்கவில்லை. ஆள் பிடிக்க வந்த பெண் வேறு கொலிஜுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த தலைமைக் கோச் வீடியோவில் எங்களோடு மிகவும் பணிவாகப் பேசினார். இனிப் பெரிய அணிகளோடு மோதவேண்டுமாம். பழகவந்த பிள்ளைகளை வைத்து வளர்க்க நேரமில்லையாம். வேறு கொலிஜுகளில் விளையாடித் தேறியவர்களை மாற்றி எடுக்கப்போகிறார்களாம். தர்ஷினி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை, வாய்ப்பேச்சுத்தான்; அந்த இடம் போய்விட்டது. அவள் "சே பா கிராவ், கோச்" என்று, பரவாயில்லை என்கிறதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தகப்பன் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட வந்தவர், ஒன்றைப் போட்டபடி கதிரையில் இருந்துவிட்டார். சாந்தி என்னைப் பார்த்து, பெட்டை ஏதும் பிழை விட்டவளோ என்று கேட்டார். இல்லைத் தங்கச்சி, ஒரு பிழையும் இல்லை என்றேன். அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிழை விட்டிருந்தால் திருத்தலாம் அண்ணை. ஒண்டும் பிழை விடாட்டி என்னத்தைத் திருத்திறது?"

சேவியர் தேநீர் வாங்கித் தந்தது

அடுத்து வந்த நாட்களில் நான் சேவியரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறினேன். ஒருநாள் அவரே கடைக்கு வந்து, வாங்க ஒரு டீ குடிக்கலாம் என்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். நக்கல் அடிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் சொன்ன கதை வேறு. சின்னக் கூட்டில் விடப்பட்ட லெத்திசியாவின் கொலிஜிலிருந்து நல்ல ஆட்கள் சிலர் பெரிய கொலிஜுகளுக்குத் தாவிவிட்டார்கள். இடம் காலி. அந்தக் கொலிஜின் கோச் அவசரமாகப் பிள்ளை தேடுகிறார்.

"உங்கடை பிள்ளையளை அனுப்பியிருக்கலாமே" என்றேன். அனுப்பினாராம். நாங்கள் இரண்டு அணியும் ஆடிய அந்த மட்ச்சின் வீடியோவைத்தான் அனுப்பினாராம். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்டது, நெடுவல்களின் கையிலிருந்து பந்தைப் பறிக்கிற அந்தச் சின்னப் பிள்ளை யார் என்று. சேவியர் சீனி போடாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். என் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது; அது இறங்கிய இடத்திலேயே இன்னொன்று ஏறியது. என் பிள்ளைக்கு இந்த மனிதர் கையாலா நன்மை வரவேண்டும். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "அந்தப் பேர அவங்களுக்குச் சொல்றதுக்கு எனக்குக் கொஞ்ச நாளு ஆச்சு, நேசன்."

உடுப்புப் பெட்டி

புதுக் கொலிஜோடு பேசும்போது இந்தமுறை எல்லாரும் உசாராக இருந்தோம். தகப்பன் லீவு எடுத்து, கோட் போட்டு வந்து திரைக்கு முன்னால் இருந்தார். தர்ஷினி ஆங்கிலத்தில் தானே பேசினாள். என்னை மொழிபெயர்க்க விடவில்லை. தாய்க்குச் சொல்லுவதற்கு மட்டும் நான் மிஞ்சினேன். கையெழுத்து வைக்கிற கட்டம் வந்தது. சாந்தி பேனையைக் கொடுக்காமல் கைக்குள் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்தக் கொலிஜும் கூட்டு மாறுறதெண்டால் இப்பவே சொல்லச் சொல்லுங்கோ அண்ணை, பிறகு என்னாலை இவளின்ரை உடுப்பைத் திரும்ப எடுத்து அடுக்க ஏலாது."

ஒரே கழகம்

இப்போது தர்ஷினியும் லெத்திசியாவும் ஒரே அணி. ஒருத்தி பறித்துக் கொடுக்க மற்றவள் போடுகிறாள். இரண்டுபேரும் நன்றாக ஆடுகிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. குறை எங்கே என்றால், கொலிஜின் இணையத்தளத்தில் இரண்டுபேரையும் சேர்த்துப் போட்ட அறிமுகம். பாரிஸுக்குப் பக்கத்தில், வில்லியே லே பெல்லில் ஒரே கழகத்தில் ஒரே கோச்சிடம் பழகிய தோழிகளாம். சேவியரின் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. அவர் அதை எனக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தர்ஷினிக்குப் போன் எடுத்தேன். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று சுற்றிவளைத்து அங்கே வந்து சேர்ந்தேன். அவள் சிரித்தாள். திருத்தச் சொல்லிவிட்டாளாம், அவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்களாம். "இஞ்சை பக்கத்து ஊரெண்டால் பஸ்ஸிலை அரை நாள் போற தூரம் கோச், சார்செலும் வில்லியே லே பெல்லும் ரெண்டு ஊரெண்டு சொன்னால் ஒருத்தரும் நம்புகினமில்லை."

ஆகமொத்தம், எங்கள் தொழிலில் பிள்ளை தோற்றால் பழி நமக்கு, வென்றால் பேர் பக்கத்து ஊருக்கு, வயிற்றெரிச்சல் மட்டும் எந்தக் கூட்டுக்கும் மாறாமல் நம்மோடேயே நிற்கும்.