சூசையம்மா வாசித்த சிலுவைப்பாதை

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சூசையம்மாவைப் போலச் சிலுவைப்பாதை வாசிக்க ஆளில்லை என்று ஆறு வருஷமாகப் பேச்சு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, கை கால் கழுவி, முக்காடு போட்டுக்கொண்டு அவள் கோயிலில் புத்தகத்தை விரித்தால் போதும், இயேசு சிலுவை சுமந்த பதினான்கு நிலையின் தியானமும் தண்ணீராக ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை மழையில் கரண்ட் போய்க் கோயிலே இருட்டாகிவிட்டது. மற்றவர்கள் மெழுகுதிரி தேடி முட்டிக்கொண்டார்கள். சூசையம்மா ஒரு சொல்லும் தடுக்காமல் வாசித்துக்கொண்டே போனாள். "ஆண்டவரு அது கண்ணுல வெளிச்சத்த வெச்சிருக்காரு" என்று சனம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டது.

வெளிச்சமாவது ஒன்றாவது! சூசையம்மாவுக்கு எழுத்தே தெரியாது.

ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் தம்பி தங்கைகளை லயத்து வீட்டில் யார் பார்ப்பது? பள்ளிக்கூட மணியைத் தூரத்திலிருந்து கேட்டதோடு அவள் படிப்பு சரி. ஆனால் காது இருக்கிறதே, அது கெட்டிக்காரக் காது. கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் வருஷா வருஷம் வாசித்த தியானங்களை முன்வரிசையில் முழங்காலில் நின்று கேட்டே, அவர் மூச்சு விடும் இடம் உட்பட, மனதில் இறக்கிவிட்டாள். உபதேசியார் மகனோடு கொழும்புக்குப் போய்விட்ட வருஷம், முதல் வெள்ளியன்று புத்தகத்தை எடுக்க ஒருவரும் அசையவில்லை. நீ போ, நீ போ என்று ஆளை ஆள் இடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் எழுந்து போய் எடுத்துவிட்டாள். பக்கம் புரட்டும் இடம்கூட அவளுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

சொல்ல மனமும் வரவில்லை, அதுதான் உண்மை. அவள் முன்செபம் சொல்ல, மலையில் அவளை வேலை வாங்கும் கங்காணி முழங்காலில் நின்று பதில் சொல்லும் அரை மணி நேரம் அது. வருஷத்தில் வேறெந்த நாளிலும் கங்காணி அவளுக்குப் பதில் சொன்னதில்லை.

இந்த வருஷம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று வந்தது வினை. பதுளையிலிருந்து வந்த புது ஃபாதர் பூசை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, அட்டை மணம் மாறாத ஒரு புத்தகத்தைக் கையில் வைத்தார்.

"பழைய புத்தகத்துத் தமிழ் பிள்ளைகளுக்கு விளங்குதில்ல. வெள்ளிக்கிழமைகளுக்கு அதுவே இருக்கட்டும். பெரிய வெள்ளிக்கு மூணு தோட்டத்துச் சனமும் ரோட்டுல ஒண்ணா வருது. அன்னைக்கு இதுதான். நீங்கதான் வாசிக்கிறீங்க, சூசையம்மா."

சூசையம்மா புத்தகத்தைத் திறக்காமலே முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் யசோதினி நின்றாள். கைப்பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் வேலை, ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணினவள். "ஏலாட்டி சொல்லுங்கக்கா, நான் வாசிக்கிறேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், பாவம். சூசையம்மாவுக்கோ மிளகாயைக் கடித்த மாதிரி இருந்தது.

"ஏன் எனக்கு ஏலாது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

லயத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புத்தகத்தை யசோதினியிடம் கொடுத்துவிட்டால் மானம் தப்பும், வாசிப்பு போய்விடும். "விடமாட்டேன் ஆண்டவரே, விடவே மாட்டேன்" என்று சத்தமாகவே சொன்னாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழைய புத்தகம் முழுக்க மனப்பாடம். அதில் அச்சடித்திருப்பதும் அதே சொற்கள்தானே? விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால், எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று பிடிபடாதா என்ன?

பிடிபட்டது! கோயிலிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்துவந்து முதலாம் நிலையில் விரல் வைத்தாள். 'இயேசு' எங்கே வந்தாலும் ஒரே மாதிரி இருந்தது. 'அம்மா' கிடைத்தாள், 'அப்பா' கிடைத்தார். ஒரு வாரத்தில் முப்பது எழுத்துக்கு மேல் கைவசம். இரண்டாம் நிலைக்குப் போனாள், போச்சு. நேற்று 'ம' என்று இருந்தது இன்று 'க' என்றது. வாய் பாதி நிலை சொல்லி முடிக்கும்போது விரல் அடுத்த பக்கத்தில் நின்றது. எட்டு நாள் மல்லுக்கட்டினாள். நிலைக்கு நிலை எழுத்து மாறும் போலிருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

லயத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பஸ் நிற்கும் சந்தியில் ஜெமீலாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் இதெல்லாம் நடந்தது. இந்த வருஷம் ஜெமீலாவின் ரமழான் நோன்பும் இவளுடைய தவசும் ஒன்றாக வந்திருந்தன. இரண்டு பேர் வயிறும் காலி, கடையும் காலி. ஜெமீலா அந்த எட்டு நாள் மல்லுக்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பதாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னா சூசையம்மா, புத்தகத்தோட சண்டையா?"

எப்படியோ வாய் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெமீலா சிரிக்கவில்லை. "இதுல என்னா வெக்கம்? நானும் சின்னதுல குர்ஆன் ஓதினது அப்படித்தான். மனப்பாடம் முன்னால வந்திச்சி, எழுத்து பின்னால வந்திச்சி" என்று புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் தொடையில் தட்டினாள்.

"அடி என் ராசாத்தி! நீங்க ஒவ்வொரு நெலைக்கும் முழு செபத்தையும் சொல்றீங்க. இதுல மொத நெலைக்கு மட்டுந்தான் முழுசா போட்டிருக்கான். மத்ததுல எல்லாம் 'முன்போல'ன்னு ஒரே சொல்லு. ஒரு சொல்லுக்கு நீங்க ஒம்பது வரி சொன்னா வெரல் எங்க போய் நிக்கும்?"

சூசையம்மா சிரித்தாள். எட்டு நாள் அழுததற்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு 'முன்போல' வரும் இடமெல்லாம் வாயைப் பூட்டிக்கொண்டு தாண்டினாள். எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. நான்காம் வாரம் ஒரு பஸ் வளைவில் திரும்பியது. அதன் நெற்றியில் இருந்தது 'பதுளை'. அவள் வாசித்துவிட்டாள்! எழுந்து நின்று, "பதுளை! பதுளை!" என்று கத்தினாள். கண்டக்டர் ஆள் ஏறப்போகிறதென்று பஸ்ஸை நிறுத்தி, விஷயம் தெரியாமல் திட்டிவிட்டுப் போனான்.

பெரிய வெள்ளி. தேயிலை ஃபெக்டரியிலிருந்து கோயில்வரை ரோட்டோரம் பதினான்கு மரச்சிலுவைகள். முந்நூறு பேராவது இருப்பார்கள். சூசையம்மா மைக்கைப் பிடித்தாள். தண்ணீராக ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லாக, சில இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. மூன்றாம் நிலையில் முணுமுணுப்பு கூடிவிட்டது. யசோதினி ஓடிவந்தாள்.

"சொகமில்லையாக்கா? குடுங்க, நான் வாசிக்கிறேன்."

மைக்கில் அது எல்லார் காதிலும் விழுந்தது. சூசையம்மா நிமிர்ந்தாள். பயம் போய்விட்டது.

"சொகத்துக்கு ஒண்ணுமில்ல. ஆறு வருஷமா நான் வாசிக்கல. எனக்கு எழுத்து தெரியாது. மனப்பாடமாச் சொல்லி ஒங்கள எல்லாம் ஏமாத்திட்டேன், மன்னிச்சிக்கங்க. இந்த தவசுலதான் படிச்சேன். இன்னைக்குத்தான் வாசிக்கிறேன்."

பிறகு முன்னாலிருந்து ஒரு குரல், வேறு யாருமில்லை, கங்காணிதான்: "மெதுவா வாசிங்கம்மா. நாங்க நிக்கிறோம்."

நின்றார்கள். சரளைக் கல்லில் முழங்கால் போட்டு, அவள் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை நின்றார்கள். யசோதினி காற்றில் பக்கம் புரளாமல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் நிலையில், அழும் பெண்களை ஆண்டவர் பார்க்கும் இடத்தில், 'இந்தப் பெண்களின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவர் ஒவ்வொருத்தியையும் அறிந்திருந்தார்' என்று இருந்தது. பழைய புத்தகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. யாரும் அவளுக்குச் சொல்லித் தராத வரி, அவளே கண்டெடுத்த வரி. விம்மி நிறுத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, அதை இன்னொரு தரம் வாசித்தாள்.

எல்லாம் முடிந்து கோயில் வாசலில் ஃபாதர் அவளை நிறுத்தினார். "ஆறு வருஷம் ஏமாத்தியிருக்கீங்க. பாவசங்கீர்த்தனம் செய்யணுமே" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"முந்நூறு பேருக்கு முன்னால செஞ்சிட்டேனே ஃபாதர், பத்தாதா?" என்றாள் சூசையம்மா. "அது கெடக்கட்டும். ஈஸ்டர் ஞாயித்துக்கெழம வாசகம் யாருக்குக் குடுத்திருக்கீங்க?"

ஃபாதர் யசோதினியைப் பார்த்தார். யசோதினி சூசையம்மா பக்கம் கையைக் காட்டினாள்.

"பெரிய வாசகம், சூசையம்மா. புதுச் சொல்லு நெறைய வரும்."

"வரட்டும்" என்று சூசையம்மா கையை நீட்டினாள். "புத்தகத்தக் குடுங்க. இன்னும் ரெண்டு நாள் கெடக்கு."