பெண்கள் பக்கத்துச் சிவப்பு வாளிகள்

சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்தால் அணைக்க என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், கைக்குழந்தைகள் வேண்டும் என்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, சரியாக நினைவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கொட்டகையில், பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை எனக்கு. என் கணவர் மில்லில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது இந்த வேலையை நம்பித்தான். கேட்டில் நிற்பதால், வருகிற பெண்கள் என்னை "கேட்டக்கா" என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்று எனக்குப் பெயர். பொய்யென்று சொல்ல மாட்டேன்.

புது அரசாங்கத்தின் உத்தரவு என்று ஒருநாள் சிவப்பு வாளிகள் வந்து இறங்கின. ஆண்கள் பக்கம் ஆறு, பெண்கள் பக்கம் ஆறு. மணல் நிரப்பிச் சுவரில் கொக்கி அடித்து மாட்டினார்கள். அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். கீழே வைத்தால் சாய்ந்துவிடும். யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகாமலிருக்க அப்படிச் செய்ததாம். வாளியை யாரும் தொடவில்லை. மணல்தான் போனது.

எங்கள் பக்கம் தரை டிக்கெட். பாதிப் பேர் இடுப்பில் குழந்தையோடு வருவார்கள். குழந்தை எங்கே வேண்டுமானாலும் ஈரம் பண்ணும். அம்மாக்காரி எழுந்து போய் ஒரு கை மணலை அள்ளி வந்து அதன்மேல் தூவிவிட்டு, மறுபடி படத்தில் மூழ்கிவிடுவாள். ஆட்டம் முடிந்து நான் கூட்டித் தள்ளும்போது வாளிகளில் கால்வாசிகூட இருக்காது.

மேனேஜருக்கு இது பெரிய தலைவலி. கொடி மாறினாலும், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் அவரை எல்லாரும் 'முசே' என்றுதான் கூப்பிட்டோம். ஒருநாள் வாளிகளை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னொரு தடவ வாளி கொறஞ்சுருந்தா, நீ வூட்டோட இருந்துக்க. வேற ஆளு பாத்துக்கறேன்."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் குழந்தைகளை நிறுத்தச் சொல்ல யாரால் முடியும்? மறுநாள் வாசலில் நின்று ஒரு சட்டம் போட்டேன். கைக்குழந்தையோடு வருகிறவள் ஒரு கொட்டாங்குச்சி காய்ந்த கடல்மணல் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டேன். மீன் விற்றுவிட்டு நேராகப் படத்துக்கு வருகிற குப்பத்துப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துச் சண்டைக்கு வந்தாள்.

"இன்னாக்கா, படம் பாக்க வந்தா மண்ணு சொமக்கணுமா?"

"படம் பாக்கறது நீ, நனைக்கறது ஒம்புள்ள. மண்ணு மட்டும் நான் சொமக்கணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது பழகிப்போயிற்று. வரும்போது ஒரு கொட்டாங்குச்சி மணல் வாளிக்குள், வேண்டும்போது ஒரு கை மணல் வாளியிலிருந்து. இருட்டில், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே அவர்கள் கை வாளிக்குப் போகும். மணலும் அன்றாடம் புதிதாக இருந்தது.

அப்புறம் அரசாங்க இன்ஸ்பெக்டர் வாளிகளைப் பார்வையிட வரப்போவதாகத் தாக்கல் வந்தது. முசேக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் நாள் காலையிலேயே பன்னிரண்டு வாளிகளையும் கம்பியால் கொக்கியோடு சேர்த்து முறுக்கிக் கட்டவைத்தார். இன்ஸ்பெக்டர் வந்து போகும்வரை ஒரு கை படக் கூடாது, பட்டால் என் சீட்டுக் கிழிந்தது என்றார்.

அன்று மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டம் நெரிந்தது. நான் என்ன செய்வேன்? ஈரத் தரையில் யார் உட்காருவது? கோபம் கோபமாக வந்தது. வாளி இருப்பது மனுஷருக்கா, இன்ஸ்பெக்டருக்கா? எங்கள் பக்கத்து ஆறு கம்பிகளையும் என் கையாலேயே அவிழ்த்துவிட்டேன். அவிழ்த்த பிறகுதான் என் கணவர் முகம் நினைவுக்கு வந்தது.

இடைவேளை முடிந்து படம் மறுபடி ஆரம்பித்திருந்தது. மத்தியான வெளிச்சம் உள்ளே வராமலிருக்க வாசலில் கனத்த கறுப்புத் திரை தொங்கும். அதன் கீழே தேங்காய் நார் மிதியடி. வெளியே நின்ற யாரோ எறிந்த பீடி மிதியடியில் விழுந்திருக்கிறது. நான் பார்த்தபோது மிதியடி எரிந்து, திரையின் ஓரத்தில் தீ ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வேறு வாசல் கிடையாது.

"நெருப்பு!" என்று ஒரே கத்தாகக் கத்தினேன்.

அந்த மீன்காரிதான் முதலில் வந்தாள். குழந்தையை இன்னொருத்தி மடியில் போட்டுவிட்டு, தீப்படாத முனையைப் பிடித்து இழுத்த இழுப்பில் திரை கழியோடு கீழே வந்தது. அதற்குள் ஆறு வாளியும் கொக்கியில் இல்லை. கையால் அள்ளிப் போட்டவர்கள் எத்தனை பேர், வாளியோடு கவிழ்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டாவது தடவை கத்த வாயைத் திறந்தபோது அங்கே ஒரு மணல் மேடும் கொஞ்சம் புகையும்தான் இருந்தன.

இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற அரைச்சுவருக்கு அந்தப்புறம் ஆண்கள் இன்னும் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எப்படியோ ஒரு வாளியைப் பிய்த்தெடுத்துச் சுவரைத் தாண்டி வந்து கவிழ்த்தான். கூரை ஒழுக்கிலும் வெற்றிலை எச்சிலிலும் ஊறி இறுகிய மணல், பீடித் துண்டுகளோடு இட்லி மாதிரி அச்சுக் குலையாமல் விழுந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பு கடற்கரைவரை கேட்டிருக்கும்.

"கேட்டக்கா, அந்த ரீலை மறுபடி மொதல்லேருந்து ஓட்டச் சொல்லு," என்றாள் மீன்காரி.

முசே ஓடி வந்தார். அவர் வாயில் வந்த முதல் பேச்சு, "கம்பிய யாரு அவுத்தது?"

"நாந்தான் முசே," என்றேன்.

"நாளைக்கி இன்ஸ்பெக்டர் வந்து போவட்டும், ஒன்ன வச்சுக்கறேன்," என்று போய்விட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கருகிய வாசற்படியைப் பார்த்து நடந்ததைக் கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை, குழந்தைகள் சமாசாரம் உள்பட. அவர் ஆண்கள் பக்கம் போய், ஒரு வாளியை இறக்கிக் காட்டச் சொன்னார். குறடு தேடி ஆள் ஓடினான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எங்கள் பக்கம் வந்து, தானே ஒரு வாளியைக் கழற்றிச் சாய்த்தார். அன்று காலை பெண்கள் கொண்டுவந்து நிரப்பிய மணல் சலசலவென்று கொட்டியது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அந்தப் பக்கத்து வாளியையும் இந்தம்மா கிட்டயே வுட்டுடுங்க," என்றார் முசேயிடம்.

'ஒன்ன வச்சுக்கறேன்' என்று மிரட்டிய முசே அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து முசேயின் மகள் கைக்குழந்தையோடு எங்கள் பக்கம் படம் பார்க்க வந்தாள். பேரனைக் கொஞ்ச வந்து குனிந்த முசேயின் சட்டையெல்லாம் நனைந்து, தரையும் நனைந்தது. அவர் திருதிருவென்று விழித்து என்னைப் பார்த்தார். நான் வாளியைக் காட்டினேன்.

"அள்ளிப் போடுங்க முசே. இதுல ஒண்ணும் வெக்கமில்ல. ஆனா நாளைக்கி வர்றப்ப ஒரு கொட்டாங்குச்சி கொண்டாந்துடுங்க."

மறுநாள் கொண்டுவந்தார்.