ஏழரை மணி மூலக்குளம் வண்டி

டவுன் பஸ் கண்டக்டருக்குன்னு வண்டியில ஒரு சீட்டு உண்டு, அதுல எப்பவும் வேற யாராவதுதான் உட்கார்ந்திருப்பாங்க. நானும் ஒரு காலத்துல படியில தொங்கிக்கிட்டே காலேஜ் போனவன்தான், அதனால தினமும் நசுங்கிப் போய் வர்ற உங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாம். புதுச்சேரியில, மூலக்குளத்துல காலையில ஏழரைக்குக் கிளம்பி, ரெட்டியார்பாளையம் வழியா லாஸ்பேட்டை போற வண்டி எங்களுது. டிரைவர் ஏழுமலை அண்ணன், கண்டக்டர் நான்.

இல்லாத மண்டபம்

எங்க ரூட்ல ஸ்டாப் பேரு போர்டுல ஒண்ணு இருக்கும், ஜனங்க வாயில ஒண்ணு இருக்கும். ஒரு ஸ்டாப்புக்கு 'மண்டபம்'னு பேரு. அந்தக் கல்யாண மண்டபத்தை இடிச்சு, அபார்ட்மென்ட் கட்டி, அதுக்கு ரெண்டாவது தடவை பெயின்ட்டும் அடிச்சாச்சு. ஆனா யாரைக் கேட்டாலும் மண்டபம்தான். நானும் விசில் கையோட "மண்டபம் எல்லாம் எறங்கு"ன்னுதான் கத்துவேன்.

ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருத்தர், கையில மொய்க்கவரும் கல்யாணப் பத்திரிகையுமா, "மண்டபம் ஒண்ணு" கேட்டாரு. குடுத்தேன். இறங்கி நாலு பக்கமும் பார்த்துட்டு, "எங்கங்க மண்டபம்?"னாரு. "அதை இடிச்சு வருசக்கணக்காச்சு சார், நீங்க போற மண்டபம் அடுத்த ஸ்டாப்பா இருக்கும்"னேன். திரும்ப ஏறினவர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கேட்டாரு: "அப்ப இல்லாத இடத்துக்கு எதுக்கு டிக்கெட் குடுத்தீங்க?"

சீட்டுக்காரரு

பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குறவங்களை எங்க ஊர்ல சொல்தான்னுவாங்க. எங்க வண்டியிலயும் ஒரு சொல்தா உண்டு. இஸ்திரி கலையாத பேன்ட்டு, தொப்பி. மூலக்குளத்துலயே ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சிடுவாரு. ரெட்டியார்பாளையத்துல சரசக்கா ஏறுவாங்க. லாஸ்பேட்டையில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் வேலை. ஏறினதும் சொல்தா எழுந்து, தொப்பியைக் கழட்டி, பிரெஞ்சு மரியாதையோட "உட்காருங்க மதாம்"னுவாரு. சரசக்கா உட்காருவாங்க. நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. வருசக்கணக்கா இதே கதை.

ஒருநாள் சொல்தாவுக்குக் காய்ச்சல், வரலை. சரசக்கா லாஸ்பேட்டை வரைக்கும் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே வந்தாங்க. இறங்குறப்ப என்னமோ நான்தான் அவரை ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி முறைச்சாங்க: "என் சீட்டுக்காரரு எங்க தம்பி?"

லீவுல எண்ணின தலை

இந்த வண்டிக்கு ஆபத்து வந்த கதைதான் இனிமே. எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ, எந்த ட்ரிப்புல எத்தனை பேர் போறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. எடுத்தது காலேஜெல்லாம் மூடியிருந்த மே மாசத்துல. எங்க வண்டியில அன்னைக்கு மொத்தம் பதினோரு பேரு. "ஆளில்லாத ட்ரிப், நிறுத்தலாம்"னு எழுதிட்டாங்க. நாங்க கெஞ்சிக் கூத்தாடினதுல, காலேஜ் திறக்கிற திங்கக்கிழமை ஒரு அதிகாரி சொல்லாம கொள்ளாம ஏறி திரும்ப எண்ணுவாருன்னு முடிவாச்சு. சொல்லாம கொள்ளாமன்னாலும் டிப்போ முழுக்கத் தெரியும்.

ஏழுமலை அண்ணன் அப்பவே சொன்னாரு, "எப்பவும் வர்ற கூட்டமே போதும்ப்பா, வாயைத் திறக்காதே"ன்னு. நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் திறந்தேன். அது சரசக்கா. ஹாஸ்டல்ல எட்டேகாலுக்குள்ள மிஷின்ல விரல் வைக்கணும். மாசத்துல மூணு தரம் லேட்டானா வேற ஆள் பார்த்துக்குவாங்க. அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. டெம்போவுல போனா மூணு வண்டி மாறணும், அதுங்களும் எப்ப வரும்னு அதுங்களுக்கே தெரியாது. அக்கா முகம் சுண்டிப் போச்சு. எனக்குச் சொல்லவே கஷ்டமாத்தான் இருந்துச்சு. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுச் சொன்னாங்க: "உங்க ஆபீசுக்குக் கூட்டம்தானே தம்பி வேணும், நான் காட்டுறேன்."

ரெண்டு விசில்

திங்கக்கிழமை மூலக்குளத்துலயே சொல்தா தன்னோட பென்ஷன் சிநேகிதங்க ஆறு பேரோட ஏறினாரு. லாஸ்பேட்டையில அவங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ரெட்டியார்பாளையத்துல சரசக்கா, நாத்தனார், நாத்தனார் வீட்டு ஜனம், தெருவே வந்துச்சு. வீராம்பட்டினம் கோயிலுக்குக் கிளம்பின பொம்பளைங்களைக் கூட, வீராம்பட்டினம் தெக்கால, லாஸ்பேட்டை வடக்கால இருந்தும், "லாஸ்பேட்டை வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம் வாங்கடி"ன்னு கூட்டி வந்திருந்தாங்க. பூஜைத்தட்டு என் மூக்குல இடிக்குது. டிக்கெட் குடுக்கக் கையைத் தூக்க முடியலை. தூக்கின கையைக் கீழே இறக்கவும் முடியலை.

வண்டி நிரம்பிடுச்சுன்னா அடுத்த ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே கண்டக்டர் ரெண்டு விசில் குடுக்கணும், நிக்காம போன்னு அர்த்தம். பழக்க தோஷம், குடுத்துட்டேன். ஸ்டாப்புல கையைக் காட்டிக்கிட்டு ஒரே ஒரு மனுஷன் நின்னுட்டிருந்தாரு. ஏழுமலை அண்ணனும் பழக்க தோஷத்துல வெட்டி ஒதுக்கிட்டுப் போயிட்டாரு. கொஞ்ச தூரம் போனப்புறம், ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம மெதுவாக் கேட்டாரு: "ஏம்பா, ஃபைலோட நின்னாரே, அவர் யாரு?"

மூணு பக்க பதில்

யாருன்னு மெமோவுல எழுதியிருந்துச்சு. 'ஆய்வுக்கு வந்த அதிகாரியை ஏற்றாமல் சென்றது ஏன்? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' வண்டி ஒரேயடியாப் போச்சுன்னு உட்கார்ந்துட்டேன். ஆபீஸ் சூப்பரிண்டு நல்ல மனுஷன், கூப்பிட்டு விளக்கினாரு: ஒரு ட்ரிப்பு மேல விசாரணை நடக்கிற வரைக்கும் அந்த ட்ரிப்பை நிறுத்த முடியாது. நான் விளக்கம் எழுதிட்டா விசாரணை முடிஞ்சிடும், முடிஞ்சா ட்ரிப்பை நிறுத்திடுவாங்க, பழைய கணக்கே போதும்னு. முடியலைன்னா, செக்கிங் இன்ஸ்பெக்டர் பிரமோஷன் லிஸ்ட்ல இருக்கிற என் பேரு நகராம அப்படியே நிக்கும், பிரமோஷன் வராது. பதில் குடுக்காம விட்டா சஸ்பென்ஷன்.

ராத்திரி பூரா தூக்கமில்லை. பதினெட்டு வருசம் நின்னு தேஞ்ச காலு, இன்ஸ்பெக்டராகி ஜீப்புல உட்காரலாம்னு ஆசைப்பட்டது நிஜம். மறுநாள் சரசக்காகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "எழுதிடு தம்பி, உன் பொழைப்பையும் பார்க்கணுமில்ல"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. திட்டியிருந்தா எழுதியிருப்பேன். பக்கத்துல நின்ன சொல்தாதான், "விளக்கம் நான் எழுதித் தர்றேன் முசியே, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னாரு. மறுநாளே தந்தாரு. மூணு பக்கம், அழகான கையெழுத்து, முழுக்க பிரெஞ்சு. எனக்கு அதுல என் பேரு மட்டும்தான் புரிஞ்சுது. ஏழு நாளுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்தேன். சூப்பரிண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. நம்ம ஊர்ல பிரெஞ்சும் சர்க்கார் பாஷைதான், அதுல எழுதினதை வாங்க மாட்டேன்னும் சொல்ல முடியாது. சீல் குத்தி, ஃபைல்ல வச்சுக் கட்டிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாரு: "மொழிபெயர்க்கிறவர் ரிட்டயராயிட்டாரு. வேற ஆள் போடுற வரைக்கும் உன் வண்டி ஓடும், நீயும் அதுலயே ஓடு."

ஆக, புதுச்சேரியில ஒரு பஸ்ஸை நிறுத்தாம இருக்கணும்னா கூட்டம் சேர்த்தா போதாதுங்க, ஒருத்தன் பிரமோஷனை விட்டுட்டுத் தனக்கே புரியாத பாஷையில கையெழுத்துப் போடணும்.