எந்த மிடில்?

எங்கள் தீவுகளில் யாரும் ‘மிடில் அந்தமான்’ என்று முழுதாகச் சொல்வதில்லை. நார்த், மிடில், அவ்வளவுதான். “மாமா மிடில்ல இருக்கார்” என்றால் அங்கே ரங்கத் என்ற ஊரில் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஒற்றைச் சொல்லால்தான் என் தம்பியைத் தொலைத்தோம்.

நான் போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். பாம்பூஃப்ளாட்டிலிருந்து காலை ஃபெரியில் சாத்தம் வந்து, அங்கிருந்து பஸ். தாசில் வாரியாக, அதாவது தாலுகா வாரியாக, மக்கள்தொகை அட்டவணை தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. மூன்று மாவட்டம், விரல்விட்டு எண்ணிவிடும்படியான தாசில்கள். தம்பி எலக்ட்ரீஷியன். ஓமானுக்கு, மஸ்கட்டுக்கு, வேலைக்குப் போனான். போன புதிதில் ஃபோனில் சிரித்தான்: “அக்கா, இங்கேயும் நம்ம கதைதான். நார்த் பாத்தினா, சவுத் பாத்தினான்னு ஜில்லா பிரிச்சு வச்சிருக்கான்.” நானும் சிரித்தேன். ஊரெல்லாம் பட்டியல் போடுகிறவள் அன்றைக்கே அந்த நாட்டின் பட்டியலையும் ஒரு தரம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரண்டாம் வருஷம் வேலை பிடிக்கவில்லை, திரும்பி வருகிறேன் என்றான். அப்பாவுக்கு வாய் நீளம். “துரைக்கு வெயில் ஒத்துக்கலையாமே! பாதியில வர்றவன் என் வாசல்ல கால் வைக்கக் கூடாது” என்றார். “வந்தாலும் உங்க வீட்டுக்கு யார் வர்றா? மாமா வீட்டுக்குப் போவேன்” என்று அவன் ஃபோனை வைத்துவிட்டான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரங்கத்தில் பாக்குத் தோட்டம். அப்பாவுக்கும் அவருக்கும் என்றைக்குமே ஆகாது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஃபோன் வந்தது. நான்தான் எடுத்தேன். நம்பரே விழவில்லை. “அக்கா, மிடில்ல இருக்கேன். இங்கே ஒண்ணுமே சரியில்ல. அப்பாகிட்ட சொல்லு...” அதோடு கட்டாகிவிட்டது. எங்கள் ஊரில் ஃபோன் கட்டாவது தினப்படி சங்கதி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; மாமா வீட்டுக்கு வந்துவிட்டான் என்று வீட்டில் சொன்னேன்.

“வந்துட்டானா ராஜா? வயிறு காய்ஞ்சா தானா வருவான்” என்றார் அப்பா. அம்மா மாமாவுக்கு ஃபோன் போட்டாள். “இங்க வரலியே அக்கா” என்றார் மாமா. அவர் மறுக்க மறுக்க எங்களுக்கு நம்பிக்கை கூடியது. பையன் சொல்லிவைத்திருக்கிறான், மாமா மறைக்கிறார் என்று எங்களுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டோம். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டு, ரங்கத் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். “ஊறுகாய் பிரமாதம்” என்று மாமாவிடமிருந்து பதில் வந்தது. “அவனுக்குப் பிடிச்சதாம்டி” என்று அம்மா அதற்கும் பொருள் சொன்னாள். இப்படியே மூன்று வாரம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பிறகு மஸ்கட்டில் அவனோடு அறையில் இருந்தவர் கூப்பிட்டார். தம்பியை அல் வுஸ்தாவில் ஒரு சைட்டுக்கு அனுப்பினார்களாம். அங்கே தகராறு. பாஸ்போர்ட்கூட இல்லாமல் கேம்ப்பை விட்டுப் போய் மூன்று வாரமாகிறதாம். “ஊருக்கு வந்து சேர்ந்துட்டானா?” என்று கேட்டார்.

மறுநாள் அலுவலகத்தில், அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். அவர் ஸ்டூவர்ட்கஞ்ச்காரர், மலபார் மாப்பிளா முஸ்லிம், மதரசாவில் அரபி படித்தவர், இந்தி கலந்துதான் பேசுவார். “வுஸ்தா ஊர் நஹீன் தீதி, ஜில்லா மாதிரி. வுஸ்தா மத்லப் நடு. மிடில்” என்றார்.

தம்பி ஃபோனில் சொன்ன மிடில் அதுதான்.

அன்று ஓமானின் பட்டியலை எடுத்தேன். பதினொரு பிரிவுகள். மஸ்கட் தலையில் இருக்கிறது. மக்கள்தொகையில் அல் வுஸ்தா கிட்டத்தட்ட வால். எங்கள் தீவுகள் மொத்தத்தையும் பல முறை உள்ளே போட்டு மூடிவிடலாம், அத்தனை பரப்பு. ஆட்களோ எங்களைவிட மிகக் குறைவு. அதற்குள்ளே நாலே நாலு வட்டம்: ஹைமா, துக்ம், மஹூத், அல் ஜாஸிர். குறைந்த சனம்தானே, ஒரு ஆளை விசாரிக்க முடியாதா என்று என் தீவுப் புத்தி கணக்குப் போட்டது. இங்கே ஜெட்டியில் நின்று கேட்டால் யார் எந்தப் போட்டில் ஏறினார்கள் என்று தெரிந்துவிடும். ஹைமாவில் ஜெட்டி கிடையாது. சுற்றிலும் மணல்.

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களுக்கான உதவி மையத்தில் பேசியவர் தன்மையாகத்தான் கேட்டார், எந்த வட்டத்தில் கடைசியாக இருந்தார் என்று. தெரியாது என்றேன். எப்போது பேசினார் என்றார். சொன்னேன். “அப்பவே சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நாலு வட்டத்துக்கும் மனு போயிருக்கிறது. எதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை, வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. அல் வுஸ்தாவின் மக்கள்தொகைக் கட்டத்தை மட்டும் அடிக்கடி திறந்து பார்ப்பேன். காகிதம் இல்லாதவனை எந்த எண்ணில் சேர்த்திருப்பார்கள்? அப்பா இப்போது யாரையும் கிண்டல் செய்வதில்லை.

போன வாரம் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தார், தமிழ்தான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். “நாலு” என்றாள் அம்மா. நாலாவது ஆள் எங்கே என்றார் டீச்சர்.

“பையன் மிடில்ல இருக்கான்.”

டீச்சர் எழுதியதை அடித்தார். “அப்ப இங்க மூணுதான் ஆன்ட்டி. அவரை அங்கேயே எண்ணிக்குவாங்க.”

டீச்சர் நினைத்தது எங்கள் மிடிலை. திருத்த வேண்டியவள் நான். என் வேலையே அதுதான். திருத்தாமல் விட்டேன். அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விட்டுறாம எண்ணச் சொல்லும்மா.”