எட்வர்டுக்கு ஊதும் விசில்

யாராவது விசில் ஊதினால்தான் டிவியில் எட்வர்டுக்குப் பேச்சு வரும் என்று கும்மிடிப்பூண்டி டீக்கடைகளில் ஒரு வதந்தி. வயிற்றெரிச்சலில் கிளப்பியதாக இருக்கும் என்று படப்பிடிப்புக்கே போய்ப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, எட்வர்ட் கம்பம்போல் நின்றார். இயக்குநர் விசில் ஊதினார். அப்புறம் அரை மணி நேரம் ஆள் வாயை மூடவில்லை.

பதினோரு வருடம் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். முழங்கால் போனதும் ரேடியோவில் பாட்டுப் போட்டார். அங்கே முகம் தெரியாது, அதனால் தொல்லையில்லை. ஞாயிறு நிகழ்ச்சி நடத்த டிவிக்குக் கூப்பிட்டார்கள். சோதனை நிகழ்ச்சியில் இரண்டு முறை வாயே திறக்கவில்லை. மூன்றாம் முறையும் அப்படியென்றால் வேலை கிடையாது என்றுவிட்டார்கள்.

மனைவி ஹெலன்தான் நோயைக் கண்டுபிடித்தார். "விசில் கேக்காம நீ என்னிக்கிய்யா பந்தைத் தொட்டுக்கீற?"

கடையில் வாங்கிய விசிலுக்கு எட்வர்ட் அசையவில்லை. நிஜ நடுவரின் விசில் வேண்டியிருந்தது. ஓர் இறுதி ஆட்டத்தில், எதிரணி ஆளின் காலை இடறினார் என்று அவருக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிய முனுசாமியிடமே போய் நின்றார்.

"எடுத்துக்கினு போ நைனா. ஆனா அன்னிக்கி நான் காட்ன கார்டு கரீட்டுதான்னு டிவில ஒரு தபா சொல்லிடு."

"கண்டிப்பா சொல்றேன் சார்."

வேலை கிடைத்து இரண்டு வருடமாகிறது. முனுசாமி ஞாயிறுதோறும் டிவி முன்னால் காத்திருக்கிறார். எட்வர்ட் கத்திரிக்காய் விலை வரைக்கும் பேசுகிறார், கார்டு மட்டும் வருவதில்லை. ஏனென்று கேட்டேன்.

"சொல்லலாம் சார். ஆனா நான் பந்தைத்தானே தொட்டேன்?"